ஐந்தாம் நம்பர் டியூப்

எட்டு டியூபிலும் கிருமி ஒன்றும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்திருந்தது. நல்ல சேதிதான், சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் காவேரியால் அது முடியவில்லை. ஐந்தாம் நம்பர் டியூபில் சீழை எடுத்து வைத்தவளே அவள்தானே!

மத்தியானம் இரண்டு மணி. நர்ஸ்கள் அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. வெளியே நவம்பர் மழை, காலையிலிருந்து ஓயாமல், ஜன்னல் தகரத்தின் மேல் சடசடவென்று அடித்துக்கொண்டும், ஒரகடம் ரோட்டில் போகிற லாரிகளின் சக்கரத்தில் சேறாய்ச் சிதறிக்கொண்டும், சுவரின் அடியிலிருந்து ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டும் இருந்தது. டியூப்லைட் எரிந்தும் அறையில் பாதி இருட்டு. ரிப்போர்ட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மறுபடி படித்தாள். விளக்குக் கைப்பிடி, வளர்ச்சி இல்லை. தியேட்டர் குழாய், வளர்ச்சி இல்லை. லோஷன் ஜாடி, வளர்ச்சி இல்லை. ஐந்து, ஆபரேஷன் மேசை, வளர்ச்சி இல்லை. கீழே மெட்ராஸ் லேபின் ரப்பர் ஸ்டாம்பும் ஒரு கையெழுத்தும்.

ஆபரேஷன் மேசை என்று அவள் லேபிள் ஒட்டியது உண்மை. ஆனால் பஞ்சுக் குச்சியை மேசையில் தேய்க்கவில்லை. நாலாம் நம்பர் படுக்கையில் கிடக்கிற பிள்ளைப்பாக்கம் கன்னியப்பனின் கையில் தேய்த்தாள். பிரஸ் மெஷினில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன். ஆறாம் நாள் தையல் வாய் பிளந்துகொண்டு, கட்டுத் துணியெல்லாம் பாசி பிடித்த மாதிரி ஒரே பச்சை. இதையாவது லேப் கண்டுபிடிக்கிறதா பார்ப்போம் என்று, அந்தப் பச்சையில்தான் குச்சியை நன்றாக முக்கி எடுத்து டியூபில் போட்டு மூடினாள். அதில் ஒன்றும் வளரவில்லையாம். யாருக்குக் காது குத்துகிறார்கள்!

இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் தமிழ்வாணனிடம்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வேன் ஓட்டுகிறவர் அவர். டியூபை மெட்ராஸுக்குக் கொண்டுபோகிறவரும் அவர்தான்.

கோதண்டராமன் டாக்டரின் இந்த நர்சிங் ஹோமில் இருபது படுக்கை. சுற்றுவட்டாரத்துக் கம்பெனிகளில் கை நசுங்கினாலும் கால் முறிந்தாலும் இங்கேதான் தூக்கி வருவார்கள். அதில் பெரிய கம்பெனி ஒன்று ஆட்களை அனுப்ப ஒரு நிபந்தனை போட்டது. தியேட்டரும் வார்டும் சுத்தமாக இருக்கின்றன என்று மாதாமாதம் லேப் ரிப்போர்ட் காட்ட வேண்டும். அதற்காகத்தான் டாக்டர் காவேரியைப் பதினைந்து நாள் பயிற்சிக்கு மெட்ராஸ் அனுப்பினார். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நோயாளிக்கு ஒட்டிக்கொள்கிற கிருமியை எப்படிக் கண்காணிப்பது, எப்படித் தடுப்பது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. திரும்பி வந்ததும் ஒரு நோட்டுப் போட்டாள். யாருக்கு என்றைக்குத் தையல், என்றைக்குக் காய்ச்சல், சீழ் என்ன நிறம், கட்டியது யார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை எட்டு இடத்தில் குச்சி தேய்த்து எட்டு டியூப். வியாழக்கிழமை ரிப்போர்ட்டும், கழுவிய காலி டியூபுகளும் தமிழ்வாணன் கையில் திரும்பி வரும்.

ஆறு மாதமாக ரிப்போர்ட்டெல்லாம் சுத்தம். நோட்டில் மட்டும் பச்சை. ஜூனில் ஒருவர், ஜூலையில் மூன்று பேர், செப்டம்பரில் கால் முறிந்து வந்த ஒருவர் செத்தே போனார். சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். இவளும் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிற தைரியத்தில், கூடப்பிறந்த தங்கச்சியைத் தலைப்பிரசவத்துக்கு இங்கேயே வரச் சொன்னாள். “மெட்ராஸ் எதுக்குடி, இங்க நான் இருக்கேன்ல?” என்று சொன்னது அவள் வாய்தான். குழந்தை குறுக்கே கிடந்ததால் சிசேரியன் ஆகிவிட்டது. இன்று நாலாம் நாள். தென்றல் ஒன்பதாம் நம்பர் படுக்கையில், பக்கத்தில் பெண் குழந்தை. அம்மா இல்லாத வீடு. அந்த இரண்டு உயிரையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தன் பொறுப்பு என்று காவேரி நினைத்திருந்தாள்.

லேபில் ஏதாவது தப்பு நடந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து வார்டுக்குப் போனாள்.

நடையில் பினாயில் நெடி, ஈரக் கம்பளி நெடி, பால் வாடை, நனைந்த செருப்புகளின் தோல் வாடை, எல்லாம் மழைக்குப் பயந்து உள்ளேயே அடைந்து கிடந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்று. அவள் நின்றாள். நாற்றம் என்று சொல்ல முடியாது. இனிப்பாக, கனமாக, மூடி வைத்த பாத்திரத்தில் அளவுக்கு மீறிப் பழுத்துப்போன திராட்சை மாதிரி. கன்னியப்பனின் கட்டைப் பிரித்தபோது வந்த அதே வாசனை. ஆனால் கன்னியப்பன் நாலாம் நம்பர். அது நடையின் அந்தக் கோடி. இந்தப் பக்கம் எப்படி வரும்?

தென்றல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, பார்க்க அழகாக இருந்தாள். அது காய்ச்சல் சிவப்பு என்று காவேரிக்குத் தெரியும்.

“அக்கா, யாரோ திராட்சப் பழம் வச்சிக்கினு கீறாங்க. காலைலேர்ந்து வாசன வருது. மாமாவ ஒரு கொத்து வாங்கியாரச் சொல்லேன்.”

“யாரும் வச்சிக்கினு இல்லடி.”

“பொய் சொல்ற. இங்க, என் பக்கத்துலயே வருது.”

காவேரி அவள் நெற்றியைத் தொட்டாள். சுட்டது. போர்வையை விலக்கி வயிற்றுக் கட்டைத் தளர்த்தினாள். வெள்ளைத் துணியின் நடுவில், எட்டணாக் காசு அளவுக்கு, பச்சை.

அவள் துணியைத் தூக்கினாள். தையலின் கீழ்க் கோடியில், நூலுக்குப் பக்கத்தில், ஒரு சொட்டு மெதுவாகத் திரண்டு, நின்று, வழிந்தது.

“இன்னாக்கா, காஞ்சிடுச்சா?”

“காஞ்சிடுச்சி.”

“காயாம இன்னா? நீதானே தெனம் கழுவி வுடற. நீ தொட்டா நோவவே இல்லக்கா. இன்னொரு சிஸ்டர் கீறாங்களே, அவங்கள மட்டும் வுடாத.”

“வுடல. நீ படு” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். முகத்தைத் தங்கை பார்க்கக் கூடாது. நடை முழுக்க வாசனை கூடவே வந்தது. டிரஸ்ஸிங் அறைக் கதவருகே அது கனத்தது.

உள்ளே பாப்பம்மாள் ஆயா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி லோஷன் ஜாடியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் புண்ணைத் தொடும் முன்னால் கை முக்குவதும், புண்ணைக் கழுவுவதும் அந்த ஜாடி லோஷனில்தான். இடுப்பு உயரம், பழுப்புக் கண்ணாடி. திங்கட்கிழமைதோறும் கொட்டிக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் மருந்தைப் புதிதாகக் கலக்க வேண்டும் என்று காவேரியே அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தாள். அட்டையில் எல்லாத் திங்கட்கிழமைக்கும் டிக் இருந்தது.

“ஆயா, இத கடைசியா எப்ப கொட்டிக் கழுவுன?”

“கொட்டறதா?” பாப்பம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். “இன்னா சிஸ்டரு, நீ கூடவா கேக்கற! வூட்ல அரிசிப் பானைய, உப்பு ஜாடிய நீ தொடச்சி வைப்பியா? ஒரு கை கீறப்பவே மேல போட மாட்ட? அப்பிடித்தான் இதுவும். மருந்து ஜாடி காலியாச்சின்னா ஆஸ்பத்திரிக்கு ஆவாது. தொறந்த நாள்லேர்ந்து ஒரு நாளும் நான் இத காலியாவ வுட்டதே கெடயாது.”

“அப்ப டிக்கு?”

“ஊத்திட்டு டிக்கு போட்டேன். ஊத்தாமயா போட்டேன்?”

ஆயா இப்படி ஊற்றுவதைக் காவேரி ஐம்பது தடவையாவது பார்த்திருப்பாள். தன் வீட்டிலும் அரிசிப் பானையின் அடியை அவள் பார்த்ததில்லை. அதனால் கண்ணில் பட்டும் மனசில் படவில்லை.

“தண்ணியாவது கொதிக்க வச்சியா?”

“ஸ்டவ்வு ரிப்பேரு. ரெண்டு மாசமா டாக்டராண்ட சொல்லிக்கினு கீறேன். சம்ப்லேர்ந்து மொண்டு ஊத்தறேன், இன்னா பண்ணச் சொல்ற?”

ஜாடியின் மூடியைத் திறந்தாள். திராட்சை வாசனை குப்பென்று முகத்தில் வந்து மோதியது. வெளிச்சம் படாத கழுத்துப் பகுதியில் விரலை வைத்தாள். வழுவழுத்தது. மேலே மெல்லிய ஆடை ஒன்று மிதந்தது. வாளித் தண்ணீர் விழுந்த இடத்தில் கிழிந்து, அவள் பார்க்கப் பார்க்க மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரி திறந்து மூன்று வருஷம். ஒரு நாள்கூடக் காலியாகாத ஜாடி. இதில் கையை முக்கி, சுத்தமாகிவிட்டது என்று நினைத்து, அந்தக் கையோடு...

ஜாடியைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தாள். “ஐயோ, கொட்டாத சிஸ்டரு!” என்று பாப்பம்மாள் அலறியது காதில் விழவில்லை. அத்தனையும் சாக்கடை வாயில் சுழித்துக்கொண்டு இறங்கியது. அடியில் கெட்டியாகப் பச்சையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அது மட்டும் இறங்கவில்லை.

இந்த ஜாடியிலிருந்தும் அவள் மாதாமாதம் குச்சி எடுத்து அனுப்பியிருக்கிறாள். வளர்ச்சி இல்லை. ஒரு மாதம் லேப் தப்பலாம், ஆறு மாதமுமா? இது வேறு.

டாக்டர் கோதண்டராமன் தன் அறையில் கணக்குப்பிள்ளை மாதிரி குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டை மேசையில் வைத்தாள். ஐந்தாம் டியூபில் என்ன வைத்தாள் என்பதைச் சொன்னாள். அவர் திடுக்கிடுவார், அந்த லேபுக்கு உடனே போன் போடுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பேனாவை மூடினார்.

“நீ ஏன் அப்படிப் பண்ணினே?”

“சார்?”

“என் மேல நம்பிக்கை இல்லையா? பயிற்சிக்கு அனுப்பினது நான். நோட்டு வாங்கிக் கொடுத்தது நான். எனக்கே பரீட்சை வைக்கிறியா?”

“சார், என் தங்கச்சிக்கு வந்திருக்கு சார். பச்சை.”

அவர் ரிப்போர்ட்டை மடித்து இழுப்பறையில் வைத்தார். “மருந்து மாத்தறேன். நாளைக்குத் தையலைப் பிரிச்சுப் பார்ப்போம். நாளைக்குக் காலையில கம்பெனி ஆபீசர் வர்றார், அது வரைக்கும் நோட்டைத் தூக்கிக்கிட்டு அலையாதே.”

“அந்த டியூப் மெட்ராஸுக்குப் போச்சா சார்?”

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. சாதாரண முகமாகத்தான் இருந்தது.

“உன் வீட்டுக்காரனைக் கேளு” என்றார்.

பின்பக்கம் தகரக் கொட்டகையில் வேன் நின்றது. தமிழ்வாணன் பானெட்டைத் திறந்து போட்டு, பெட்ரோலில் நனைத்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நனைந்துகொண்டு வந்து நிற்பதைப் பார்த்ததும் துணி நின்றது. கேட்கும் முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய அவளுக்கு, அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது தெரிந்தது.

“டியூபு மெட்ராஸுக்குப் போவுதா இல்லையாங்க?”

“போச்சி” என்றார். பிறகு, “மொத மாசம் போச்சி.”

“அப்பறம்?”

“மொத ரிப்போர்ட்லயே கொழாலயும் ஜாடிலயும் கிருமி கீதுன்னு வந்திச்சி. டாக்டரு கிழிச்சிட்டாரு. கம்பெனிக்குத் தெரிஞ்சா ஆளுங்கள அனுப்ப மாட்டான், ஆஸ்பத்திரிய இழுத்து மூடிடுவேன், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தெருவுக்குப் போங்கன்னாரு. சரி பண்ணிடறேன்னும் சொன்னாரு காவேரி, சத்தியமா. அது வரைக்கும் அவரே டைப் அடிச்சிக்கறேன்னாரு.”

“ஆறு மாசம்.”

“சரி பண்ணிடுவாருன்னு...”

“வியாழக்கெழம வியாழக்கெழம என் கைல குடுத்தியே. நான் சிரிச்சிக்கினே வாங்குனேனே. ராத்திரி சோறு போட்டு, இந்த மாசமும் சுத்தங்கன்னு உன்னாண்டயே சொன்னேனே. கேட்டுக்கினு தின்னியா நீ?” அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. எட்டு வருஷத்தில் அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. “தென்றல நீதானேய்யா இந்த வேன்ல ஏத்தியாந்த? பக்கத்துல நான் உக்காந்திருந்தேனே. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த வாயத் தொறந்து சொன்னியா?”

“சொகப் பிரசவம்னு நெனச்சேன். கத்தி பட்டவங்களுக்குத்தான் வரும்னு டாக்டரு...” அவன் முடிக்கவில்லை. அழுகிறானா, மழையா என்று தெரியவில்லை. அவளுக்கு அதைத் தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை.

“நான் குடுத்த டியூபெல்லாம் இன்னா பண்ண?”

“கழுவி வச்சேன். சுத்தமாத் திருப்பிக் குடுத்தாத்தானே நீ சந்தேகப்பட மாட்ட.”

“எங்க கழுவுன?”

அவன் முகவாயால் காட்டினான்.

கொட்டகைக்குப் பக்கத்தில் சம்ப். ஆஸ்பத்திரி முழுவதற்கும் தண்ணீர் போகிற தரைத்தொட்டி. வாயைச் சுற்றி சிமெண்டுத் தளம். மழைத் தண்ணீர் அந்தத் தளத்தில் விழுந்து, நிற்காமல், வெளியே ஓடாமல், வாயை நோக்கியே வழிந்து உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. கொத்தனார் சரிவை உள்பக்கமாக விட்டுவிட்டான். டியூபை அங்கே உட்கார்ந்துதான் அலசியிருக்கிறான், மாதம் எட்டு. தளத்தில் அவன் அலசிய இடத்திலிருந்து வாய் வரைக்கும் ஒரு பச்சைக் கோடு.

அவள் மூடியைத் தள்ளினாள். கீழே கறுப்புத் தண்ணீர். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று ஏறி வந்து முகத்தைத் தடவியது, அந்த இனிப்போடு. ஒரு சொட்டு விழுந்தது. மேலே படர்ந்திருந்த ஆடை விலகி, கூடியது. இன்னொரு சொட்டு. விலகி, கூடியது. தூங்குகிறவர் வாய் மாதிரி.

ஜூன். ஜூலை. செத்துப்போனவரைக் கிடத்திய மேசை. திங்கட்கிழமை கன்னியப்பனின் கை. ஒவ்வொரு இடமாகப் போய், பொறுமையாக, ஒரு துளியும் சிந்தாமல் அவள்தான் சேகரித்தாள். அவன் கொண்டுவந்து கரைத்தான். ஆயா மொண்டாள். எல்லாரும் கழுவிக்கொண்டார்கள்.

“வேன எடு” என்றாள். “மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு. இப்பவே.”

“படப்பையாண்ட ரோட்டு மேல தண்ணி போவுதாம்.”

“குன்றத்தூர் பக்கமா சுத்திப் போ. ஸ்ட்ரெச்சர்ல தென்றல இட்டுக்கினு வா. கொழந்தய அவ மாருலயே குடு. தியேட்டர் வழியா பின்வாசலுக்கு வந்துடு, நான் கட்டுத் துணி எடுத்தாறேன்.”

அவள் ஓடினாள். வழியெல்லாம் கட்டு மாற்ற வேண்டும். இந்தக் கட்டடத்தில் சுத்தமானது என்று இன்னும் அவள் நம்பியது ஒன்றே ஒன்று. காலையில் தன் கையாலேயே ஆவியில் வேகவைத்து மூடி, தியேட்டரில் வைத்த துணி டிரம்.

நடையில் பாதி வந்தபோது கரண்ட் போனது. மணி ஐந்துகூட ஆகவில்லை, ஆனால் மழை இருட்டு. எங்கேயோ ஒரு குழந்தை வீரிட்டது. பின்னால் ஜெனரேட்டர் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது. ஜெனரேட்டர் தியேட்டருக்கு மட்டும்தான். கதவிடுக்கில் ஊதா வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது.

ஆபரேஷன் இல்லாத நேரத்தில் கிருமியைக் கொல்ல எரிய விடுகிற விளக்கு அது. எரியும்போது உள்ளே போகக் கூடாது. அணைத்துவிட்டு மற்ற விளக்கின் ஸ்விட்சைத் தட்டினாள். எரியவில்லை. மறுபடி தட்டினாள். இருட்டு. வேறு வழியில்லாமல் ஊதாவையே போட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள்.

குழாயின் மூக்கு மின்னியது.

முதலில் தண்ணீர்ச் சொட்டு என்று நினைத்தாள். இல்லை. மஞ்சள் கலந்த பச்சை. உயிரோடு எரிகிற பச்சை. குழாயிலிருந்து கழுவு தொட்டிக்கு ஒரு கோடு. தொட்டியிலிருந்து தரைக்கு. தரையிலிருந்து மேசைக்கு. பச்சைச் சீழின் கிருமி இந்த வெளிச்சத்தில் மின்னும் என்று பயிற்சியில் சொன்னார்கள். சொன்னவரும் பார்த்ததில்லை என்றார்.

மேசையின் விளிம்பு. விளக்குக் கைப்பிடி. கதவின் பிடி.

டிரம்.

அதன் மூடியில் ஒரு கை. ஐந்து விரலும் பதிந்து, தெளிவாக, பச்சையாக. யாரோ இப்போதுதான் எடுத்த மாதிரி. காவேரி கிட்டே போனாள். யார் தொட்டது? யார் கை இது? தன் கையை நீட்டி அந்தத் தடத்தின் மேல் வைத்தாள்.

சரியாகப் பொருந்தியது.

கையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். மணிக்கட்டு வரைக்கும். இரண்டு கையும். நகக்கண்ணில் இன்னும் பிரகாசமாக. புடவையில் தேய்த்தாள். புடவை மின்னியது. மறுபடி தேய்த்தாள். போகவில்லை. பரவியது.

வெளியே ஸ்ட்ரெச்சரின் சக்கரம். கிரீச். கிரீச். பக்கத்தில் வந்துவிட்டது.

“வராத” என்று சொல்ல நினைத்தாள்.

கதவு தள்ளிக்கொண்டு திறந்தது. ஊதா வெளிச்சம் தங்கையின் மேல் விழுந்தது.

வயிற்றுக் கட்டு துணிக்குள்ளிருந்தே எரிந்தது. அதைச் சுற்றி, இடுப்பில், தொடையில், தோளில், நெற்றியில், கை. எல்லாம் கை. அவள் கை. தலை வாரிவிட்ட இடம். கழுத்து துடைத்த இடம். நோகாமல் கழுவிய இடம். நாலு நாளில் எங்கெல்லாம் அன்பாகத் தொட்டாளோ அங்கெல்லாம்.

தமிழ்வாணன் தலைமாட்டில் நின்றான். பெட்ரோலில் துடைத்த அவன் கை மட்டும் கறுப்பாக, சுத்தமாக இருந்தது.

“அக்கா, இன்னாக்கா அப்பிடிப் பாக்கற? பயமா கீது. கையக் குடேன்.”

காவேரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

தென்றலின் மார்பில் குழந்தை அசைந்தது. பிறந்த அன்று முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு அதன் நாக்கில் வைத்தவள் பெரியம்மாதான். நேற்றும் வைத்தாள். இன்று காலையிலும். விரலைச் சப்பிக்கொண்டு அது சிரித்ததே என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வெளிச்சம் முகத்தில் பட்டதும் குழந்தை கண்ணைச் சுருக்கியது. தலையைக் காவேரி பக்கம் திருப்பியது. மெதுவாக, அகலமாக, கொட்டாவி விட்டது. அந்தச் சின்ன வாய்க்குள்ளே, நாக்கு முழுக்க, தொண்டை வரைக்கும், பச்சை எரிந்தது.